“போர்டு போச்சு” என்று சொல்லுமுன்...



இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியவுடன், நட்பு, நாட்டுப்பற்று, போதை ஒழிப்பு என்று ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு செத்த லேப்டாப்தான். செத்தது என்று ஊரே சொன்ன லேப்டாப். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். “இவன் என்ன, லேப் ரெக்கார்டு நோட்டை மலரில் எழுதுகிறானா?” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் பீரோவின் மேல் இதே சமாச்சாரம் தூங்கிக்கொண்டிருக்கிறது!

அக்கா தந்த விலையில்லா மடிக்கணினி

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டுக்குப் போனவர். சில வருடங்களுக்கு முன் அலங்காநல்லூர் சர்க்கரை ஆலையில் அரவை நின்றதும் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்விட்டார். அம்மா பூக்கட்டி விற்கிறார். டிப்ளமோ சேர்ந்த புதிதில், “உனக்குக் கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிடா ஓடும்?” என்று கேட்டுத் தன் லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பிளஸ் டூ படித்தபோது, 2014-ல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. இப்போது அக்கா கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறார்.

இந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. அடுத்து வந்த வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு மாணவ மாணவியர் கைக்கு வந்தன. ஒரே மாடல் மெஷின் ஆயிரக்கணக்கில் ஒரே மாவட்டத்துக்குள் வந்து இறங்கியது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

மூன்றாமாண்டு தொடக்கத்தில், 2025 ஆகஸ்டில், அக்காவின் லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்துத் தடவை சுவிட்ச் போட்டால் ஒரு தடவைதான் விண்டோஸ் திறக்கும். மற்ற நேரமெல்லாம் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சீனியர் ஒருவர், “லினக்ஸ் போட்டுருடா, பழைய மெஷினுக்கு அதுதான் லேசு” என்றார். லேப் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பென் டிரைவ் தயார் பண்ணினேன். சொருகினேன். ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டியது. வேறு பென் டிரைவ் போட்டேன். அதே கோடு. நண்பனிடம் டி.வி.டி. டிரைவ் இரவல் வாங்கி டிஸ்க் போட்டேன். டிஸ்க் சுற்றியது, கோடு சிமிட்டியது. செட்டப்புக்குள் போய் பூட் ஆர்டரை மாற்றி சேவ் பண்ணினால், அடுத்த தடவை பழையபடியே நிற்கும். தேதியும் 2013 ஜனவரி என்று காட்டும்.

இங்கேதான் நான் அவசரக்குடுக்கை ஆனேன். “பயாஸையே புதுசாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று முடிவு பண்ணினேன். லேப்டாப் கம்பெனியின் அப்டேட் கோப்பை இறக்கினேன். விண்டோஸ் திறந்த ஒரு ராத்திரியில் அதை ஓடவிட்டேன். பேட்டரி 40 சதவீதம் என்று காட்டியது. ஆனால் அந்தப் பேட்டரி பொய் சொல்லும். பிளக்கைப் பிடுங்கினால் அடுத்த நொடி மெஷின் அணைந்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அறுபது சதவீதம் வரை ஓடியது. கரன்ட் போனது.

அதற்குப் பிறகு சுவிட்ச் போட்டால் லைட் எரியும், விசிறி ஓடும். ஸ்கிரீன் மட்டும் அமாவாசை!

“தொறந்து பாத்தானா?”

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார், பார்த்தார், அணைத்தார்.

“போர்டு போச்சு தம்பி. வேற போர்டு போட ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும். வேணாம்னா இங்கனயே வச்சுட்டுப் போ, ஐந்நூறு ரூபா தாரேன்.”

நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே கம்மலில் கை வைத்தார். “நாளைக்கு அடகு வச்சுருவோம், பய படிப்பு நிக்கக் கூடாது” என்றார். அப்பா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏண்டா, அவன் தொறந்து பாத்தானா?”

“இல்லப்பா.”

“மாடு படுத்துருச்சுன்னா செத்துருச்சுன்னு அர்த்தமா? கிட்டப் போயி மூச்சு இருக்கான்னு பாக்க வேணாமாடா?”

நண்பர்களே, நான் படிப்பது மின்னணுவியல். மூன்றாம் வருடம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சால்டரிங் தெரியும், மைக்ரோ கன்ட்ரோலர் பேப்பரில் எழுபது மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்டவரோ பள்ளிக்கூடமே போகாத என் அப்பா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லேப்டாப் போனதற்காக அல்ல.

வாடிவாசல் திறக்காவிட்டால் மாடு எப்படி வரும்?

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. “விசிறி ஓடுது, லைட் எரியுது. அப்ப உசிர் இருக்கு. கழற்று” என்றார். அடிமூடியைக் கழற்றியதும் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஐ.சி.யைக் காட்டினார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மேலே 25 கியூ 64 என்று எழுதியிருந்தது. அறுபத்து நான்கு மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவின் அளவு. கடைக்காரர் “போர்டு” என்று சொன்னது, உண்மையில் இந்த 8 மெகாபைட் எழுத்து பாதியில் நின்றுபோனதைத்தான்!

இதற்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். தமிழில் நிலைப்பொருள் என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊர்க்காரனாக எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். விண்டோஸோ லினக்ஸோ, அது மாடு. எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் வாடிவாசலைத் திறந்துவிட ஆள் வேண்டும். சுவிட்ச் போட்டவுடன் பிராசஸருக்கு எதுவும் தெரியாது. அது முதலில் படிப்பது இந்தச் சிப்பில் உள்ள எழுத்தைத்தான். “மெமரியை எழுப்பு, திரையை எழுப்பு, கீபோர்டைப் பார், பிறகு டிஸ்க்கில் இருப்பவனைக் கூப்பிடு” என்று வரிசையாகச் சொல்வது அது. அந்த எழுத்து கெட்டால், நாம் எந்த இன்ஸ்டலேஷன் டிஸ்க்கைப் போட்டாலும் கேட்க ஆளில்லை. வாடி பூட்டியிருக்கும்போது மாட்டின் மேல் என்ன குற்றம்?

பயாஸ் என்ற பெயரை வைத்தவர் கேரி கில்டால் என்ற அமெரிக்கர். 1970-களில் தன் சி.பி.எம். சிஸ்டத்துக்காக வைத்தார். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது, அதன் பயாஸ் முழுவதையும் வரி வரியாகத் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். காப்பியடிக்க உரிமை இல்லை. ஆனால் படிக்கத் தடையில்லை. படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். காம்பாக் போன்ற கம்பெனிகள் நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் சொந்த பயாஸை எழுதிக்கொண்டன. பி.சி. என்பது ஒரே கம்பெனியின் சொத்தாக நின்றுவிடாமல் உலகமெல்லாம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிற்பாடு இந்த எழுத்து, அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புக்கு மாறியது. வசதிதான். ஆபத்தும் கூடவே வந்தது. 1998-ல் தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ், 1999 ஏப்ரல் 26-ல் உலகம் பூராவும் கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்தது. டிஸ்க்கை அழித்ததோடு நிற்காமல், பல மெஷின்களில் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதிவிட்டது. அன்றைக்கும் எத்தனை கடைகளில் “போர்டு போச்சு” என்று சொல்லியிருப்பார்களோ!

இன்னொன்று என் கேஸுக்கு மிக நெருக்கமானது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பை இறக்க முடியாதபடி நிறுத்தி வைத்தார்கள். அதைப் போட்ட சில லெனோவோ மாடல்களிலும், வேறு சில கம்பெனி மெஷின்களிலும் பயாஸ் செட்டிங் எதுவும் சேவ் ஆகவில்லை. பலவற்றில் பென் டிரைவிலிருந்து பூட் ஆகவும் இல்லை. காரணம், கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்.பி.ஐ. டிரைவர் அந்த ஃபிளாஷ் சிப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டது. போர்டு போகவில்லை. டிரைவரை நீக்கிய புதிய கெர்னல் வந்தது, பூட்டை விடுவிக்கும் வழியும் வந்தது. “எந்த டிஸ்க் போட்டாலும் பூட் ஆகவில்லை” என்பது நோயின் பெயர் அல்ல; வெறும் இருமல். காசநோயும் இருமும், சளியும் இருமும்.

எட்டுக் கால் வைத்தியம்

சிப்பை அழித்து எழுத ஒரு புரோகிராமர் வேண்டும். சி.எச். 341 ஏ என்ற சின்ன போர்டும், சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் சேர்த்து 480 ரூபாய். நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 120 போட்டு வாங்கினோம். வந்ததும் நான் கிளிப்பை மாட்டப் போனேன். சார் கையைத் தட்டிவிட்டார்.

“மொதல்ல அள.”

சிப்புக்கு வேண்டியது 3.3 வோல்ட். மல்டிமீட்டர் வைத்தால் சப்ளை காலில் 3.3 சரியாக இருந்தது. டேட்டா காலிலோ 5 வோல்ட்டை ஒட்டி வந்தது! விலை மலிவான அந்தக் கறுப்பு போர்டுகளில் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு என்றார் சார். ஒரு காலைத் தூக்கி, ஒயர் ஒன்றைப் பற்றவைத்து, எல்லாம் 3.3-க்குள் வரும்படி மாற்றிக் கொடுத்தார். பிறகு அடாப்டர், பேட்டரி, உள்ளே இருந்த பட்டன் செல் மூன்றையும் கழற்றினோம். செல்லை அளந்தால் 1.9 வோல்ட். இருக்க வேண்டியது 3. தேதி 2013-க்கு ஓடியதன் மர்மம் முப்பது ரூபாய்ச் செல்லில் இருந்தது.

சிப்பின் மேல் முதல் காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். மாட்டி, முதலில் படித்தோம். எழுதவில்லை, படிக்க மட்டும் செய்தோம். முதல் தடவை எல்லாமே எஃப் எஃப் எஃப் என்று வந்தது. “அழிஞ்சு போச்சு சார்!” என்று கத்திவிட்டேன். கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அவ்வளவுதான். சரிபண்ணி இரண்டு தடவை படித்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மறுபடி சுத்தம் செய்து, மறுபடி படித்து, இரண்டு நகலும் ஒரு பைட்கூட மாறாமல் ஒத்துப்போன பிறகுதான் சார் அடுத்த வேலைக்கு விட்டார். கெட்டுப்போன அந்த நகலையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னார். “கெட்டதை எதுக்கு சார்?” என்றேன். “அதுலதாண்டா இந்த மெஷினோட ஜாதகம் இருக்கு” என்றார். வரிசை எண், சில மாடல்களில் விண்டோஸ் உரிமச் சாவி, நெட்வொர்க் முகவரி எல்லாம் அதே சிப்பின் ஒரு மூலையில்தான் இருக்குமாம். நகல் எடுக்காமல் அழித்துவிட்டால் மெஷின் எழுந்திருக்கும், ஆனால் தன் பேரை மறந்துவிடும்.

சரி, நல்ல எழுத்துக்கு எங்கே போவது? கம்பெனி தரும் அப்டேட் கோப்பு பல மாடல்களில் சிப்பின் முழு நகல் அல்ல, ஒரு பகுதிதான். அதை அப்படியே சிப்பில் ஊற்றக் கூடாது. அதே மாடல், நல்ல நிலையில் உள்ள வேறொரு மெஷினின் முழு நகல் இருந்தால் உத்தமம். சார் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. அதே மாடல்! அரசு கொடுத்ததாயிற்றே! எங்கள் ஊரிலேயே எத்தனை இருக்கும்!

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் வீட்டில், பீரோ மேல், தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருந்தார். “ஏம்ப்பா, ஒன்னுதக் கெடுத்தது பத்தாதுன்னு என்னுதையும் கெடுக்க வந்தியா?” என்று சிரித்தார். படிக்க மட்டும்தான் போகிறோம், எழுத மாட்டோம் என்று சத்தியம் பண்ணி வாங்கி வந்தோம். அதன் சிப்பிலிருந்து நகல் எடுத்தோம். அக்கா மெஷினின் ஜாதகப் பகுதியைச் சார் ஹெக்ஸ் எடிட்டரில் ஒப்பிட்டுப் பார்த்து அதற்குள் பொருத்தினார். அழித்தோம், எழுதினோம், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தோம். பொருந்தியது.

புதுச் செல் போட்டு, மூடியை மாட்டாமலே சுவிட்ச் போட்டேன். பத்து நொடி. இருட்டு. இருபது நொடி. இருட்டு. என் பக்கத்தில் நின்ற மாப்ளை, “போச்சுடா நூத்தி இருபது” என்றான். அரை நிமிடம் கழித்து ஸ்கிரீன் வெளிச்சமாகி, கம்பெனிச் சின்னம் வந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து லேப்பிலிருந்து ஹெச்.ஓ.டி.யே வந்துவிட்டார்!

இதற்குப் பிறகும் ஒரு கூத்து. பென் டிரைவ் போட்டால், மறுபடி அதே வெள்ளைக் கோடு! இந்தத் தடவை சிப் குற்றவாளி அல்ல. மெஷின் இருப்பதோ புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில், நான் பென் டிரைவ் தயாரித்ததோ பழைய பயாஸ் முறைக்கு மட்டும். பூட்டு ஒன்று, சாவி வேறு. முறையை மாற்றித் தயாரித்ததும் ஐந்தே நிமிடத்தில் லினக்ஸ் வந்து நின்றது. பூட் ஆர்டரும் சொன்னபடி சேவ் ஆனது. ஆக, கணக்குப் பார்த்தால்: செல் வயதாகிச் செத்தது, சிப்பில் செட்டிங் எழுதும் இடம் ஏற்கெனவே குழம்பியிருந்தது, பென் டிரைவ் என் தப்பு, நடுராத்திரி அப்டேட் என் பெரிய தப்பு. போர்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

செலவு: புரோகிராமர் 480, செல் 30. ஆக 510 ரூபாய். அம்மாவின் கம்மல் காதிலேயே இருக்கிறது.

கடைக்காரர் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை நண்பர்களே. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு இது மூன்று நாள் வேலை. அவர் மூன்று நாள் ஒரு பழைய மெஷினோடு மல்லுக்கட்டினால் கடை வாடகை யார் கொடுப்பது? உண்மையிலேயே போர்டு போன கேஸ்களும் நிறைய உண்டு. தண்ணீர் கொட்டினது, ஷார்ட் ஆனது எல்லாம் சிப் எழுத்தால் சரியாகாது. என் வருத்தம் அவர் மேல் அல்ல. “போர்டு போச்சு” என்பது ஒரு தீர்ப்பு. விசாரணை இல்லாமல் தீர்ப்புச் சொன்னபோது, எதிரே நின்ற டிப்ளமோ மாணவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே, அதுதான் வருத்தம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆஸ்பத்திரியில், பேங்கில், ஆபீஸில் எல்லாம் நம் வீட்டார் அப்படி நின்றே பழகியவர்கள். நாமும் அப்படியே நின்றால், மூன்று வருடம் கட்டிய ஃபீஸுக்கு என்ன அர்த்தம்?

“அதான் புது லேப்டாப் வரப்போகுதே! 2025 மார்ச் பட்ஜெட்டிலேயே இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்துவிட்டார்களே, பழசை வைத்து என்ன பண்ண?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். வரட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். ஆனால் புதுசும் ஒருநாள் பழசாகும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல மெஷின்கள் எத்தனையோ குப்பைக்குப் போகக் காத்திருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போடலாம் என்று இறங்குகிறவன் முதலில் முட்டிக்கொள்ளப் போவது இந்த வாடிவாசலில்தான். ஈயமும் பிளாஸ்டிக்கும் நம் கண்மாய்க் கரையில் எரிவதைவிட, பத்தாவது படிக்கும் தங்கை ஒருத்தி அந்த மெஷினில் டைப் அடிப்பது நல்லதில்லையா?

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. 1981-ல் பயாஸையே புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்த தொழில் இது. இன்றோ முழுச் சிப்பின் நகல் ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டுவதில்லை. 2013-ல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர் முதல், கம்பெனியின் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை மெஷின் ஏற்காதபடி பூட்டும் வசதியும் வந்துவிட்டது. திருட்டையும் வைரஸையும் தடுக்கப் பூட்டு வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்காரனிடமே சாவி இல்லையென்றால் அது யார் வீடு? லைனக்ஸ்பயாஸ் என்று 1999-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, 2008-ல் கோர்பூட் என்று பெயர் மாறிய திறந்த ஃபர்ம்வேர் இன்றைக்கும் வளர்கிறது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அது சாட்சி. இந்திய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே அதற்கொரு இணையதளமும் திறந்தது. நல்ல தொடக்கம். அரசு லட்சக்கணக்கில் மெஷின் வாங்கும்போதே, “உத்தரவாத காலம் முடிந்ததும் இந்த மாடலின் முழு ஃபர்ம்வேர் நகலையும் சர்க்யூட் படத்தையும் கொடுக்க வேண்டும்” என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். மொத்தமாக வாங்குகிறவன் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்?

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை

அரசையும் கம்பெனியையும் கேட்பது இருக்கட்டும். நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நம் எலக்ட்ரானிக்ஸ் லேப்பில் ஒரு மேஜை. அந்த 480 ரூபாய்ப் புரோகிராமரை நாங்கள் நாலு பேரும் கல்லூரிக்கே கொடுத்துவிடுகிறோம். வாரம் ஒருநாள், சனிக்கிழமை மத்தியானம், பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவரச் சொல்வோம். நல்ல மெஷின் கிடைத்தால் மாடல்வாரியாகச் சிப் நகல் எடுத்துச் சேர்த்து வைப்போம். ஒரே மாடல் ஆயிரம் வீட்டில் இருப்பதால், ஒரு நகல் ஊரையே எழுப்பும்.

மேஜையில் மூன்று விதி எழுதி ஒட்ட வேண்டும். ஒன்று, உரிமையாளர் நேரில் வர வேண்டும். இந்த வித்தை திருட்டு லேப்டாப்பின் பாஸ்வேர்டை நீக்கவும் உதவும். அதற்கு நாம் துணை போகக் கூடாது. இரண்டு, முதலில் செல், பிறகு செட்டப், பிறகு பென் டிரைவ், பிறகு கம்பெனி கொடுத்த ரெக்கவரி வழி. இவ்வளவும் பார்த்த பிறகுதான் சிப்பில் கை. மூன்று, பொருந்துகிற இரண்டு நகல் எடுக்காமல் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. நான் செய்த தப்பை அடுத்தவன் செய்ய வேண்டாம்.

லினக்ஸ் ஓடிய அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். “இன்னும் ஓடுதாடா அது?” என்றார், நம்பாமல். வீட்டில் அப்பா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். திறந்து கிடந்த அடிமூடிக்குள் அந்த எட்டுக் கால் சிப்பைக் காட்டி, “இதுதாம்ப்பா பாதியில நின்னுருச்சு, திரும்ப எழுதிட்டோம்” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இம்புட்டூண்டா? இதுக்கா ஆறாயிரத்து ஐந்நூறு?” என்றார். பிறகு, “அந்த மூடிய மாட்டு. தூசி போயிறப் போவுது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நண்பர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பீரோவின் மேல் பாருங்கள். சனிக்கிழமை கொண்டு வாருங்கள். தொறந்து பார்ப்போம்!

– மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்,
அலங்காநல்லூர்.